சர்வருக்கு ஒரு நாள் லீவு

கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. விளம்பரங்களில் முழ நீளத்துக்கு என்னென்னவோ போடுகிறார்கள். என்னிடம் மேனேஜர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "மேஜைக்கு அடியில பூந்து கேபிள் இழுக்கணும். புடவை கட்டிக்கிட்டு அதெல்லாம் எப்படிம்மா செய்வே?"

"சுடிதார் போட்டுக்குவேன் சார்" என்றேன். கோபத்தில் சொன்னது அது. அவர் அதைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டார். எனக்கு அந்த வேலை கிடைத்ததற்கு அந்தத் தப்புக் கணக்கும் ஒரு காரணம்.

கம்பெனி திருமழிசை எஸ்டேட்டில் இருந்தது. மோட்டார் சைக்கிளுக்கு ஸ்பிரிங் செய்வார்கள். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் வைக்கோல் போர், இந்தப் பக்கம் தரையை உலுக்கும் பிரஸ் மெஷின்கள். கோவில்பதாகையிலிருந்து ஆவடிக்கு வந்து, அங்கே ஒரு பஸ் பிடித்துப் பூந்தமல்லி, பூந்தமல்லியில் இன்னொரு பஸ்ஸில் தொத்திக்கொண்டு நான் போய்ச் சேர்வதற்குள் போட்ட பவுடரெல்லாம் கரைந்துவிடும்.

அங்கே மூன்று வருஷம் டேட்டா என்ட்ரி செய்தேன். யாரோ எழுதியதைப் பார்த்துப் பார்த்து அடிப்பது. அந்த வேலையில் இருந்த எங்கள் மூன்று பேருக்கும் பெயர் கிடையாது, 'டைப்பிங் பொண்ணுங்க', அவ்வளவுதான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஏசி போட்ட அறையில் சர்வர் இருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கோயில் மாதிரி. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் துபாய்க்குப் போய்விட்டார். வேறு ஆள் உடனே கிடைக்கவில்லை. சிட்டியிலிருந்து யாரும் பூந்தமல்லி தாண்டி வர மாட்டேன் என்றார்கள். நான் சாயங்காலங்களில் அம்பத்தூரில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் நெட்வொர்க் படித்துக்கொண்டிருந்தேன். போய்க் கேட்டேன்.

"ஆயுத பூஜை வரைக்கும் பாரு. சரியா வந்தா அந்த சீட்டு உனக்கு. இல்லேன்னா பழைய சீட்டு" என்றார் மேனேஜர். இதற்குள் சிட்டிப் பையன் ஒருவன் வர ஒப்புக்கொண்டு காத்திருக்கிறான் என்பதும் என் காதில் விழுந்தது.

எனக்கு அந்த வேலை வேண்டும். அதற்கு ஆசைப்பட்ட அளவுக்கு முன்னால் எதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை. வீட்டில் "சர்வர் வேலையா? ஓட்டல்லயா?" என்று கேலி செய்தார்கள். செய்யட்டும். டைப்பிங் சீட்டில் இருப்பவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அந்த அறையில் இருப்பவளிடம், ஒன்று நின்றுபோனால், "இப்ப என்ன பண்றது?" என்று எல்லோரும் கேட்பார்கள். அந்தக் கேள்வி என்னைப் பார்த்துக் கேட்கப்பட வேண்டும் என்று எனக்கு வெறி.

இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்தது கால்வாசி. மீதியைத் தரையில் தவழ்ந்து கற்றுக்கொண்டேன். அப்போது ஒரே கேபிள்தான் எல்லா கம்ப்யூட்டரையும் கோத்துக்கொண்டு போகும். நடுவில் ஒரு இடத்தில் லூசானால் மொத்தமும் படுத்துவிடும். அக்கவுண்ட்ஸில் ஒருவர் காலை நீட்டி உதைத்தால் ஸ்டோர்ஸில் ஸ்கிரீன் உறைந்துபோகும். கேபிளின் இரண்டு முனையிலும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மூடி இருக்கும். அது கழன்றாலும் அதே கதி. எலிக்கு அந்தக் கேபிள் மேல் என்ன ஆசையோ, மழைக்காலம் வந்தால் கடித்து வைக்கும். மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போய், எங்கே அறுந்திருக்கிறது என்று பார்த்து, வெட்டி, புது முனை போட்டு நசுக்கி நிமிர்வதற்குள் முட்டியில் தோல் போயிருக்கும். டேட்டாபேஸ் இன்னொரு ரகம். என்ட்ரி போட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது கம்ப்யூட்டரைப் பட்டென்று ஆஃப் செய்தால் இண்டெக்ஸ் உடைந்துவிடும். ஸ்பிரிங் கேட்டால் ஸ்குரூ காட்டும். ஹால் நடுவில் நின்று "எல்லாரும் வெளிய வாங்க, எல்லாரும் வெளிய வாங்க" என்று கத்தி, எல்லோரையும் புரோகிராமிலிருந்து வெளியேற்றிவிட்டுத்தான் அதைச் சரி செய்ய முடியும். கத்தக் கூச்சப்படுகிறவர்கள் இந்த வேலைக்கு ஆக மாட்டார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

இத்தனையிலும் நான் கற்றுக்கொள்ளாத ஒன்று, ஃபோர்மேனை எப்படிச் சமாளிப்பது என்பது.

கம்ப்யூட்டர் ரூம் மெயின்டனன்ஸ் டிபார்ட்மெண்டுக்குக் கீழே வந்தது. கரண்ட், ஏசி, ஜெனரேட்டர் எல்லாம் அவர் கையில். என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று மேனேஜர் கடைசியில் அவரைத்தான் கேட்பார் என்று எல்லோருக்கும் தெரியும். பூந்தமல்லிக்காரர், நெற்றி நிறைய விபூதி. இடது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நிற்கும். பழைய கம்பெனியில் ஒரு விஜயதசமியன்று, அவசர ஆர்டர் என்று முதலாளி நெருக்கி, ராகு காலத்தில் பிரஸ்ஸை முதல் ஸ்டார்ட் போட வைத்தாராம். அன்று போன விரல்கள். எனக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. பிரஸ்ஸுக்குத் தடுப்புக் கம்பி போட்டிருந்தால் விரல் போயிருக்காது என்பது என் கட்சி. ஆனால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆயுத பூஜைக்கு முதல் நாள் கம்பெனி முழுக்கக் கழுவி விட்டார்கள். ஃபோர்மேன் கண்ணாடிக் கதவைத் திறந்து, செருப்போடு வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார். "நாளைக்கு மதியம் எல்லா மெஷினும் நிறுத்தறோம். உன் பொட்டியும் நிறுத்திடு பொண்ணு."

"இதை நிறுத்த முடியாதுண்ணே. வாங்கின நாள்லேர்ந்து நிறுத்தினதே இல்ல."

"அதான் சொல்றேன். லேத்துக்கு லீவு கீது, பிரஸ்ஸுக்கு லீவு கீது. இது இன்னா பாவம் பண்ணிச்சு? ஒரு நாள் மூச்சு வுடட்டும்."

"இது மூச்சு விட்டாதாண்ணே ஆபத்து."

அவர் சிரிக்கவில்லை. நான் மேனேஜரிடம் போனேன். வருஷக்கணக்காக ஓடிக்கொண்டே இருக்கும் டிஸ்க் சூட்டிலேயே பழகியிருக்கும், நிறுத்தி ஆறவிட்டால் திரும்பக் கிளம்பாமல் போகலாம் என்று, எங்களுக்கு சர்வீஸ் செய்கிற இன்ஜினீயர் ஒருமுறை டீ குடிக்கும்போது சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். மேனேஜர் வரவு செலவு பார்ப்பது போல என் முகத்தையும் வாசலில் நின்ற ஃபோர்மேனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஒரு நாள்தானேம்மா. பூஜை விஷயம். எதுக்கு வம்பு?" என்றார்.

மறுநாள் காலையில் பேக்கப் எடுத்தேன். கேசட் மாதிரி இரண்டு டேப் கேட்ரிட்ஜ்கள், இரண்டிலும் எடுத்தேன், சரியாக வந்திருக்கிறதா என்று சோதித்தும் பார்த்தேன். இரும்பு பீரோவில் வைத்தேன். மதியம் எல்லோரையும் வெளியே வரச் சொல்லிக் கத்திவிட்டு, முறைப்படி ஒவ்வொன்றாக மூடி, சர்வரை நிறுத்தினேன். அந்த அறையில் சத்தமே இல்லாமல் நான் நின்றது அதுதான் முதல் தடவை. ஏசியும் நின்றது. வெளியே மழை பிடித்திருந்தது. கண்ணாடியில் மெல்ல ஆவி படர்ந்தது.

பூஜை பிரமாதமாக நடந்தது, குறை சொல்லக் கூடாது. பொரி, சுண்டல், கேசரி. பிரஸ்ஸுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, ஜெனரேட்டருக்கு ஆள் உயர சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். மேனேஜர் ரூமில் ஏதோ கையெழுத்துக்கு என்னை நிறுத்தி வைத்துவிட்டதால், நான் பூஜைக்குப் போய்ச் சேர்ந்தபோது தீபாராதனை நடந்துகொண்டிருந்தது. சாமி படத்துக்கு முன்னால் லேத் சாமான்களோடு என் ஸ்குரூ டிரைவர், கேபிள் நசுக்கும் கருவி, மல்டிமீட்டர் எல்லாம் வரிசையாக இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு டேப் கேட்ரிட்ஜ்கள். ஒவ்வொன்றின் மேலும் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். சந்தனத்தைத் தண்ணீர் விட்டுத் தாராளமாகவே குழைத்திருந்தார்கள். அது வழிந்து, டேப் வெளியே தெரியும் அந்தச் சின்னக் கதவுக்குள் இறங்கியிருந்தது.

டைப்பிங் சீட்டில் இருந்த என் தோழிகள் இரண்டு பேரும் பூரித்து நின்றார்கள். பீரோ சாவி டைப்பிங் சீட்டிலும் ஒன்று உண்டு. "உன் ஆயுதத்தை மட்டும் வுட்ருவமா? நீ எங்க பொண்ணாச்சே. எல்லாத்தையும் நாங்களே எடுத்து வெச்சு பொட்டு வெச்சோம்" என்றாள் ஒருத்தி. அவர்கள் மூஞ்சியில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது. கற்பூரத் தட்டு வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அன்று நான் வேண்டிக்கொண்டது போல அதற்குப் பிறகு வேண்டிக்கொண்டதில்லை.

விஜயதசமி வெள்ளிக்கிழமை வந்தது. எங்களுக்கு லீவு கிடையாது. ஒன்பதரைக்கு மேல் நல்ல நேரம், அதில் மெஷின்களை ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்ய வேண்டும். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம், அப்போது புதிதாக எதையும் தொடக்கூடாது. இது ஃபோர்மேனின் சட்டம். ஒன்பதரைக்கு பிரஸ்கள் ஒவ்வொன்றாகத் தரையை உலுக்க ஆரம்பித்தன. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் சர்வர் ஸ்விட்சைப் போட்டேன்.

ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. டிஸ்கிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. ஸ்கிரீனில் டிஸ்க் இல்லை என்று வந்தது.

நிறுத்திப் போட்டேன். டிக். மறுபடியும். டிக். முதுகில் வேர்வை கோடு போட்டு இறங்கியது. பின்னால் மேனேஜர் வந்து நின்றார். ஸ்டோர்ஸிலிருந்து ஆள் வந்து, லாரி நிற்கிறது, டெஸ்பாட்ச் சீட்டு எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போனார். ஸ்டாக், டெஸ்பாட்ச், ஆட்களின் வருகை, எந்தக் கம்பெனிக்கு எந்த ஸ்பிரிங் எந்த அளவு என்கிற விவரம், எல்லாம் அந்த டிஸ்கில்தான் இருந்தது.

"பேக்கப் இருக்குல்ல?" என்றார் மேனேஜர்.

டேப்பைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். டிரைவ் கொஞ்ச தூரம் படித்தது, இரும்பில் மண் அரைபடுவது போல ஒரு சத்தம் கொடுத்தது, நின்றது. இரண்டாவது கேட்ரிட்ஜும் அப்படித்தான். வெளியே எடுத்துப் பார்த்தால் டேப்பில் சிவப்பாகக் கோடு. கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற என் தோழிகளின் முகத்தில் ஈயாடவில்லை. அவர்களுக்கே புரிந்துவிட்டது.

சர்வீஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன். நான் தேடிய இன்ஜினீயர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போயிருந்தார், விஜயதசமி ஆயிற்றே. போனை எடுத்தவர், டிஸ்க் போய்விட்டது, கை வைக்காதீர்கள், பம்பாய்க்கு அனுப்ப வேண்டும், உள்ளே இருப்பது திரும்பக் கிடைக்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார். போனை வைத்தேன்.

டீ குடிக்கும்போது அந்த இன்ஜினீயர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஆறிப்போன டிஸ்க் செத்துப்போவதில்லை, உள்ளே சுற்றுகிற தட்டோடு அதைப் படிக்கும் முள் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். கரண்ட் கொடுத்த நிலையில் கையில் எடுத்து, தட்டு சுற்றுகிற திசையில் வெடுக்கென்று ஒரு திருப்பு திருப்பினால் சில சமயம் விட்டுக்கொடுக்கும். கொஞ்சம் அதிகமானால் முள்ளே பிய்ந்துவிடும், பிறகு பம்பாயும் கிடையாது, சிங்கப்பூரும் கிடையாது. கிளம்பினாலும் அது கடைசி ஓட்டம். உடனே வேறு டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும்.

மேனேஜரிடம் சொன்னேன். "ஒண்ணு ஓடுதே, ரெண்டாவது எதுக்கு" என்று அவர் மூக்கால் அழுதபடி வாங்கிக் கொடுத்த இன்னொரு டிஸ்க் பீரோவில் இருந்தது. நல்லவேளை, அதை யாரும் பூஜைக்கு எடுத்து வைக்கவில்லை.

"கெட்டுப்போச்சுன்னா?" என்றார்.

"என் பேரைச் சொல்லிடுங்க சார்."

"பேர் என்ன பேர்? நீ பழைய சீட்டுல உக்காருவே. நான் சிட்டிப் பையனுக்குப் போன் பண்ணுவேன். இந்த ரூம் பக்கம் அப்புறம் உன்னை விட மாட்டேன். தெரியுதா?"

தெரிந்தது. சர்வரைத் திறந்தேன். டிஸ்கின் ஒயர்களைக் கழற்றாமல் வெளியே இழுத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்தேன். செங்கல் கனம் இருந்தது. ஸ்விட்சைப் போடச் சொல்லித் தோழி ஒருத்தியைக் கூப்பிட்டேன். அவள் வந்து போட்டாள். டிக். மணிக்கட்டை வெடுக்கென்று திருப்பி நிறுத்தினேன். ஒன்றுமில்லை. பயத்தில் பாதி வேகத்தில் திருப்பியிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. வர்றது வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை திருப்பினேன்.

உள்ளங்கையில் முதலில் உணர்ந்தேன். ஒரு துடிப்பு. பிறகு 'கிர்ர்' என்று ஒரு ராகம் மெதுவாக ஏறி, ஒரே சுருதியில் நின்றது. டிஸ்க்கை டெலிபோன் டைரக்டரி மேல் குழந்தையைப் படுக்க வைப்பது போல வைத்தேன். ஸ்கிரீனில் ஒவ்வொன்றாகப் பெயர்கள் வந்தன. தோழி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். "தள்ளுடி, ஆடாதே" என்றேன். வேறென்ன சொல்ல.

புது டிஸ்க்கை மாட்டி, காப்பி ஓட விட்டேன். பழைய டிஸ்க் முக்கி முனகி ஒவ்வொரு ஃபைலாகக் கொடுத்தது. டெஸ்பாட்ச் ஃபைல்தான் பெரியது, அதன் முறை வந்தது. அப்போது கரண்ட் போயிற்று.

பிரஸ்கள் நின்றன. ஹால் இருண்டது. யுபிஎஸ் மட்டும் 'பீப்' என்றது. அதன் பேட்டரிகள் வீங்கிப்போய் மாதங்களாகின்றன. மாற்றச் சொல்லி நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தேன். ஜெனரேட்டர் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. பீப். எப்போதும் உடனே வருமே? அப்போதுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பதினொன்று தாண்டியிருந்தது. காலையில் மெயின் கரண்ட் இருந்ததால் நல்ல நேரத்தில் ஜெனரேட்டரை யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை. பூஜைக்குப் பிறகு அதன் முதல் ஸ்டார்ட் இனிமேல்தான். இப்போதோ ராகு காலம்.

செருப்புக்கூடப் போடாமல் பின்பக்க ஷெட்டுக்கு ஓடினேன். தூறிக்கொண்டிருந்தது. ஃபோர்மேன், பூஜை மாலையில் ஒரு பூகூடக் கலையாத ஜெனரேட்டர் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுற்றிலும் ஃபிட்டர்கள், ஹெல்பர்கள்.

"அண்ணே, ஜெனரேட்டர் போடுங்க."

"மணி பாத்தியா? பன்னெண்டு அடிக்கட்டும், போட்டு வுட்றேன்."

"அது வரைக்கும் யுபிஎஸ் தாங்காதுண்ணே. டிஸ்க் நின்னுச்சுன்னா மறுபடி எழுந்திரிக்காது."

"காலைல எழுப்புனியே. மறுபடி எழுப்பு."

"அது ஒரு தடவைதான் கேக்கும். ரெண்டாவது தடவை உடைஞ்சிரும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. இடது கையைப் பார்த்தார். "வருசத்து மொத ஸ்டார்ட்டும்மா இது. இந்த நேரத்துல மொத ஸ்டார்ட் போட்டு நான் பட்டது போதும். இங்க நிக்கற பசங்க எல்லாம் புள்ளகுட்டிக்காரனுங்க" என்றார்.

தடுப்புக் கம்பி பற்றி நான் வைத்திருந்த வாதத்துக்கு அங்கே வேலை இல்லை. அவர் வீம்புக்குச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பயந்துபோயிருந்தார். என்னைவிட அதிகமாகவே பயந்திருந்தார்.

ஆனாலும் எனக்கு வேறு வழி இல்லை. "நீங்க நிறுத்தச் சொன்னீங்க, நேத்து நிறுத்தினேன்ணே. இன்னிக்கு நான் ஓட்டச் சொல்றேன்" என்றேன். பதிலுக்கு நிற்க முடியாது. திரும்பி ஓடினேன்.

பீப் நெருக்கி நெருக்கி வர ஆரம்பித்திருந்தது. ஈரக் காலோடு அந்த அறைக்குள் நுழைந்தது அன்றுதான். ஏசி இல்லாமல் புழுங்கியது. இருட்டில் ஸ்கிரீன் மட்டும் எரிந்தது. நான் மானிட்டர் ஸ்விட்சையும் அணைத்தேன், அது தின்னும் கரண்ட்டாவது மிச்சமாகட்டும் என்று. இப்போது காப்பி எங்கே போகிறது என்றுகூடத் தெரியாது. டைரக்டரி மேல் இருந்த டிஸ்கின் முனகலை மட்டும் கேட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். 'ஓடு, ஓடு' என்று அதனிடம் வாய்விட்டே கெஞ்சினேன். பீப்களுக்கு நடுவில் இருந்த இடைவெளி மறைந்து ஒரே ஊளையாகிவிட்டது. பேட்டரி முடியப் போகிறது என்று அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டேன்.

பின்பக்கம் 'தட்' என்று ஒரு அதிர்வு. இன்னொன்று. பிறகு ஜெனரேட்டர் கனைத்துக்கொண்டு எழுந்தது.

ஊளை நின்றது. குழல்விளக்கு சிமிட்டி எரிந்தது. கொஞ்ச நேரத்தில் டீசல் புகையோடு ஒரு வாசனை ஜன்னல் வழியாக வந்தது. பூ கருகும் வாசனை. மாலையைக் கழற்றக்கூட அவர் நிற்கவில்லை என்று புரிந்தது. ஜெனரேட்டர் மேல் தூசி இருந்தால்கூட ஃபிட்டரைத் திட்டுகிற மனுஷர்.

மானிட்டரைப் போட்டேன். டெஸ்பாட்ச் ஃபைல் பாதி தாண்டியிருந்தது. அது முடிந்தது. அதற்கடுத்தது முடிந்தது. எல்லாம் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, புது டிஸ்க்கிலிருந்து சர்வரைக் கிளப்பினேன். நேற்று மதியம் கடைசியாகப் போட்ட டெஸ்பாட்ச் சீட்டு அப்படியே வந்து நின்றது. மேனேஜர் எட்டிப் பார்த்து, "வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு லாரிக்காரனிடம் ஓடினார்.

நான் ஷெட்டுக்குப் போனேன். வழியில் ஃபிட்டர்களும் ஹெல்பர்களும் காம்பவுண்டு சுவர் ஓரமாக வரிசையாக நின்று நனைந்துகொண்டிருந்தார்கள். ஷெட்டில் அத்தனை இடம் இருக்கிறது.

"ஏண்ணே இங்க நின்னு நனையறீங்க?"

"இன்னா பண்ண சொல்ற?" என்றார் மூத்த ஃபிட்டர். "எல்லாரையும் வெளிய தொரத்திட்டாரு. எவனும் கிட்ட வராதீங்கடா, நான் ஒருத்தனே போட்டுக்கறேன்னு சொல்லி கதவை சாத்திகினாரு. பன்னெண்டு ஆவற வரைக்கும் உள்ள வரக்கூடாதாம்."

கதவைத் தள்ளினேன். ஜெனரேட்டர் அதிர்ந்துகொண்டிருந்தது. ரேடியேட்டர் வலையில் கருகிய நார் தொங்கியது. தரையெல்லாம் சாமந்தி. ஃபோர்மேன் கவிழ்த்துப் போட்ட ஆயில் டின் மேல் உட்கார்ந்திருந்தார். தலையிலும் சட்டையிலும் இதழ்கள் ஒட்டியிருந்தன. இடது கையை மடியில் வைத்து, வலது கையால் இறுக்கி மூடியிருந்தார்.

"ஓடுதா?" என்றார்.

"முடிஞ்சிதுண்ணே. எல்லாம் வந்துடுச்சு. வேணும்னா நிறுத்திடலாம்."

"இருக்கட்டும். போட்டதும் இந்த நேரம், நிறுத்தறதும் இந்த நேரமா? பன்னெண்டு தாண்டட்டும்."

மேனேஜர் குடை பிடித்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார். ஜெனரேட்டர் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "ஃபோர்மேன், அந்த சிட்டிப் பையன் இன்னிக்குப் பதில் கேட்டிருக்கான். என்ன சொல்ல?"

"வேணாம்னு சொல்லுங்க சார். அந்த ரூமுக்கு ஆள் கீது" என்றார். "இனிமே அந்த ரூம் ஸ்விட்சை நான் தொட மாட்டேன்."

மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் போகவில்லை. குனிந்து தரையில் கிடந்த பூவைப் பொறுக்க ஆரம்பித்தேன். இன்னும் கொஞ்சம் கிட்டே போனேன்.

"ஏய், இன்னா பண்ற இங்க?" என்று எழுந்துவிட்டார். அந்த விரல் போன கையை நீட்டி வாசலைக் காட்டினார். "மணி ஆவல இன்னும். வெளிய போம்மா. போ, போ."

நான் போய் சுவர் ஓரமாக மற்றவர்களோடு நின்றேன். மூத்த ஃபிட்டர் நகர்ந்து இடம் கொடுத்தார். தூறல் விடவில்லை. பன்னிரண்டு அடிக்கும் வரை நாங்கள் எல்லோரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.